இடது கை ரமணியின் வெள்ளி உடுப்பு

ரமணி சோறு பிசைவது வலது கையால்தான். கையெழுத்துப் போடுவதும் வலது கையால்தான். ஆனாலும் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கிள்ளானில் அவள் வேலை செய்த தையல் தொழிற்சாலையில் எல்லாருக்கும் அவள் ‘இடது கை ரமணி’.

அங்கே மெக்கானிக்குகள் போடும் ஓவரால் தைத்தார்கள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே உடுப்பு. முன்னால் நீளமாக ஒரு ஜிப். தைத்துக் கட்டிக் கப்பலேற்றி, தைத்தவர்கள் யாரும் பார்த்திராத ஊர்களுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு லைனில் இருபத்திரண்டு பெண்கள். ஒருத்தி காலர் மட்டும் தைப்பாள். ஒருத்தி ஜிப் மட்டும். அந்த உடுப்பின் இடது கையில் மட்டும் பேனா செருகிக்கொள்ள ஒரு சின்னப் பை இருக்கும். அதனால் இடது கைக்கு ஓர் ஆள், வலது கைக்கு ஓர் ஆள். இருபத்து நான்கு வயதில் வேலைக்கு வந்த அன்று சூப்பர்வைசர் ரமணியை இடது கையில் உட்கார வைத்தார். இப்போது அவளுக்கு முப்பத்து மூன்று. இன்னும் இடது கையிலேயே இருந்தாள்.

உலகத்தில் எத்தனை ஆண்களின் இடது கைகளை அவள் மூடியிருப்பாள்! ஆனால் முழுதாக ஓர் உடுப்பை அவள் தைத்து முடித்ததே இல்லை. அவள் வாழ்க்கையில் எல்லாமே அப்படித்தான் பாதியில் நின்றன. படிப்பு மூன்றாம் படிவத்தோடு நின்றது. பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரத்தோடு நின்றார்கள். காப்பாரில் அண்ணன் கன்னையாவின் வீட்டில் இருந்த அறைகூட, அரிசி மூட்டைக்குப் பாதி, அவளுக்குப் பாதி.

மெஷின்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு வரிசையாக இருக்கும். ரமணிக்கு நேர் எதிரே வலது கை தைப்பவள் மார்க்கிரட். ஒரே வயது. ஒரு காலத்தில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். நான்கு வருடத்துக்கு முன்பு, மேல் மாடியில் ‘சேம்பல் ரூம்’ என்கிற மாதிரி அறையில் ஓர் இடம் காலியானது. புதிதாக வரும் ஆர்டருக்கு முதல் உடுப்பை முழுதாகத் தைத்துக் காட்டுகிற இடம் அது. லைனில் இருக்கும் ஒவ்வொருத்திக்கும் அது சொர்க்கம். ரமணியின் பெயரும் மார்க்கிரட்டின் பெயரும் அடிபட்டன. அந்த வாரம் பார்த்து, முந்நூறு ஓவரால் திரும்பி வந்தது. இரண்டு கையும் ஒரே நீளத்தில் இல்லை. அரை அங்குலம் வித்தியாசம்.

“வலது கை அளவாத்தான் இருக்கு. இடது கைதான் நீளம்” என்றாள் மார்க்கிரட்.

“இடது கை சரியாத்தான் இருக்கு. வலது கைதான் குட்டை” என்றாள் ரமணி.

மேல் மாடி இடம் இரண்டு பேருக்குமே கிடைக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. மார்க்கிரட் கல்யாணமாகி, கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனாள். கல்யாணப் பத்திரிகை லைனில் இருபது பேருக்கு வந்தது, ரமணிக்கு வரவில்லை. நான்கு வருடமாக இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே உடுப்புக்கு ஆளுக்கொரு கையாகத் தைத்துக்கொண்டிருந்தார்கள். தலை மட்டும் நிமிர்வதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் கேப்டன் மியோ வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு டிவியில் ஒரு ஜப்பான் கார்ட்டூன் ஓடியது. மலாயில் பேசுவார்கள். நட்சத்திரங்களுக்கு நடுவே தனியாகக் கப்பல் ஓட்டிப் போகிற ஒரு பெண். அவள்தான் கேப்டன் மியோ. அண்ணன் பிள்ளைகளுக்கு ஒரு வாரத்திலேயே சலித்துவிட்டது. ரமணிதான் அரிசி பொறுக்கும் சுளகை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஏனென்றால் மியோ போட்டிருந்தது ஓர் ஓவரால். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே உடுப்பு. அவள் இடது கையில் ஒரு சின்னப் பை. அதிலிருந்து விளக்குப் போன்ற ஒரு குச்சியை உருவி எடுத்து, ஒரு துளையில் செருகுவாள். கப்பல் அதிர்ந்து கிளம்பும்.

“அது என் கை!” என்று ரமணி சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

“எது உங் கை?” என்றாள் அண்ணி மாரியாயி சமையல்கட்டிலிருந்து.

“அந்தப் பை, அண்ணி. நான் தைக்கிற பை.”

“ஐயோ சாமி! முப்பத்தி மூணு வயசுல கார்ட்டூன் பாத்துட்டுப் புலம்புது. ஏங்க, ஒங்க தங்கச்சிய இந்தத் தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குக் கூட்டிட்டுப் போயி வேண்டிக்குங்க லா!”

ரமணிக்கு அது காதில் விழவில்லை. அன்றிலிருந்து லைனில் இருபத்திரண்டு மெஷின்கள் ஒன்றாக ஓடும்போது அவளுக்குக் கப்பல் கிளம்புகிற சத்தம் கேட்டது. விடியற்காலையில் கம்பெனி பஸ் செம்பனை மரங்களுக்கு நடுவே போகும்போது, பனியில் மரங்கள் மிதந்து மிதந்து பின்னால் போகும். அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, கீழே தெரிவது காப்பார் அல்ல, பெயரில்லாத ஏதோ ஒரு கிரகம் என்று நினைத்துக்கொள்வாள். மியோ உடம்பெல்லாம் வெள்ளியாக மின்னுவாள். பௌர்ணமியில் கடல் மின்னுமே, அப்படி.

ஒரு திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தொழிலாளர் குடும்ப தினம், மாறுவேடப் போட்டி. உடையைத் தொழிலாளியே தன் கையால் தைத்திருக்க வேண்டும். சேம்பல் ரூமின் தலைவி மிஸ்ஸஸ் சோங்தான் நடுவர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: சேம்பல் ரூமில் ஓர் இடம் காலி, போட்டிக்கு வரும் உடைகளைப் பார்த்து ஆள் எடுக்கப்படும்.

ரமணி அந்தத் தாளின் முன்னால் மணி அடிக்கும்வரை நின்றாள். எல்லாரும் தேவதை, ராணி என்று தைப்பார்கள். அவளுக்கு வேறு யோசனையே வரவில்லை. அவள் தைக்கப்போவது மியோவின் உடுப்பு. இந்த முறை முழுதாக. ஒரு தையலைக்கூட இன்னொருத்தர் போடாமல்.

கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவில் இராமலிங்கம் துணிக்கடை இருந்தது. கடைக்காரர் பத்து வகை சாட்டின் துணியை விரித்துக் காட்டியும் அவள் தலையாட்டவில்லை. கடைசியில் மூலையில் நின்ற ஒரு சுருளைக் காட்டினாள்.

“அது திரைச்சீலைக்கு உள்பக்கம் வைக்கிற துணிம்மா. வெயில் வராம இருக்க. ஒரு பக்கம் வெள்ளிப் பூச்சு, ஒரு பக்கம் வெறும் வெள்ளை. அதுல யாராச்சும் சட்டை தைப்பாங்களா?”

“எனக்கு அதான் வேணும், அங்கிள்.”

“வேர்த்துக் கொட்டும். அது போகட்டும். இதுல ஊசி ஏறுன ஓட்டை அப்படியே நின்னுடும். பிரிச்சுத் தைக்கவே முடியாது. தைச்சா ஒரே தடவதான், தெரிஞ்சிக்க.”

“நான் ஒன்பது வருஷமா தைக்கிறேன், அங்கிள்” என்றாள் ரமணி. சொல்லும்போது அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அளவுக்கு, கம்பெனியில் தொழிலாளர்களுக்கு மலிவாக விற்கும் ரிஜெக்ட் மூட்டையிலிருந்து ஓர் ஓவராலை எடுத்தாள். இஸ்திரிப்பெட்டி பட்டு வலது கை கருகிப்போனதால் அந்தக் கையை வெட்டி எறிந்திருந்தார்கள். மற்றதெல்லாம் நன்றாக இருந்தது. அதைத் தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அட்டையில் வரைந்து வெட்டிக்கொண்டாள்.

அண்ணியின் கால் மெஷினில் வேலை தொடங்கியது. வேலையிலிருந்து வந்ததும், விளக்கு வைப்பதற்குள் ஒரு மணி நேரம். உடம்பு சேர்ந்தது. கால் சேர்ந்தது. அவள் பயந்தது ஜிப்புக்குத்தான். ஆனாலும் நேராக ஏறிவிட்டது. எந்தத் துண்டு எங்கே சேரும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ஒன்பது வருடம் லைனின் கடைசியில் தொங்கிய உடுப்புகளைப் பார்த்துப் பார்த்தே தெரிந்திருந்தது. இடது கையை அவள் தைக்கக்கூட இல்லை. தன்னாலேயே நடந்துவிட்டது போல இருந்தது. பையும் மணிக்கட்டுப் பட்டியும் மடிப்பும், கண்ணை மூடித் திறப்பதற்குள்.

பிறகு வலது கை.

அட்டையைத் துணிமேல் வைத்தாள், வெட்டினாள், தைத்தாள். தைத்து முடித்துத் தூக்கிப் பார்த்தால், பேனா பையோடு இன்னொரு இடது கை! அட்டையைத் திருப்பிப் போட்டு வெட்ட வேண்டும் என்பது ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒன்பது வருடம் ஒரே பக்கம் போன கைக்குத் தெரியவில்லை.

மறுநாள் அட்டையைத் திருப்பிப் போட்டு, மூன்று முறை சரிபார்த்து வெட்டினாள். தைக்கும்போது மனம் ‘வலது, வலது’ என்று சொல்லிக்கொண்டே இருந்தது. விரல்கள் துணியைத் தம் பழக்கத்துக்கு மடித்துக்கொண்டன. முடித்துப் பார்த்தால் மறுபடி இடது கை, வெள்ளைப் பக்கம் வெளியே. வெள்ளிப் பக்கம் வெளியே வர உருட்டித் திருப்பினால் தையல் விளிம்பெல்லாம் வெளியே. அதுவும் பாழ்.

“மூணு இடது கை வச்ச கேப்டனா?” அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அதுக்கு நீ சிலந்தி வேஷம் போடலாம்டி!”

பிரித்துப் பார்த்தாள். இராமலிங்கம் சொன்னது சரி. ஊசி போன வழியெல்லாம் துளைகள் வரிசையாக நின்றன. மீதியிருந்த துணியில் இன்னும் ஒரே ஒரு கைதான் வெட்ட முடியும். கடையில் கேட்டாள், அந்தச் சுருள் தீர்ந்துவிட்டது, அடுத்தது மாதக் கடைசியில்தான். குடும்ப தினத்துக்கு இருந்தது பத்து நாள்.

அதன் பிறகுதான் ரமணி நான்கு வருடமாகச் செய்யாத ஒன்றைச் செய்தாள். லைனில் தலையை நிமிர்த்தி மார்க்கிரட்டின் கைகளைப் பார்த்தாள். சிவந்த, சற்றே பருத்த விரல்கள். துணியை உள்ளே தள்ளி, ஒரு சுழற்று, ஒரு இழுப்பு. ரமணி மனதுக்குள் அதே மாதிரி செய்து பார்த்தாள். எல்லாம் தலைகீழாகக் குழம்பியது. மீண்டும் பார்த்தாள்.

மார்க்கிரட் கவனித்துவிட்டாள். முன்னால் இருந்த துணிக் கட்டை நடுவே இழுத்துப் போட்டு மறைத்துக்கொண்டு, பக்கத்து மெஷின்காரியிடம் உரக்கச் சொன்னாள்: “சில பேருக்கு இன்னும் நம்ம அளவுமேல சந்தேகம் போல! எட்டி எட்டிப் பாக்குறாங்க.”

லைன் முழுவதும் சிரித்தது. ரமணியின் காது மடல்கள் எரிந்தன. கண்ணில் நீர் திரண்டு, ஓர் இடது கைமேல் ஒரு சொட்டு விழுந்து ஊறியது. எந்த ஊர்க்காரனோ, பாவம், அந்தக் கண்ணீரையும் சேர்த்து மாட்டிக்கொண்டிருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கேப்டன் மியோவுக்காகக் காத்திருக்கவில்லை. வெள்ளி உடுப்பைப் பழைய துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கிள்ளானுக்கும், அங்கிருந்து கோலாலம்பூருக்கும் பஸ் ஏறினாள். வழி நெடுக, மார்க்கிரட்டிடம் என்ன பேசுவது என்று வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்தாள். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸ் வாசலில் நின்றபோது அத்தனையும் மறந்துபோயிருந்தது.

கதவைத் திறந்தது மார்க்கிரட்டின் கணவர் ஜெயராஜ். ரயில்வேயில் வேலை. ரமணியை ஒரே ஒரு முறை கம்பெனி வாசலில் பார்த்திருந்தார். அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கத்தினார்:

“மார்க்கிரட்! ஒன்னோட இடது கை வந்துருக்கு!”

மார்க்கிரட் அப்போதுதான் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வந்திருந்தாள். தலையில் போட்ட துணியைக்கூட எடுக்கவில்லை. வந்து நின்றாள்.

“நீங்க... சௌக்கியமா?” என்றாள் ரமணி.

“என்ன ‘நீங்க’? நான் என்ன மேனேஜரா?” மார்க்கிரட்டின் குரல் கடுமையாகத்தான் இருந்தது. “எதுக்கு வந்த?”

ரமணி பையிலிருந்ததை மேசையில் விரித்தாள். வலது கை இல்லாத வெள்ளி உடுப்பு. பக்கத்தில் பாழாய்ப்போன இரண்டு கைகள். மீதித் துணி. அளவு அட்டை.

மார்க்கிரட் ஒரு கையை எடுத்துப் புரட்டினாள். இன்னொன்றை எடுத்துப் புரட்டினாள். உடுப்போடு இருந்ததைத் தொட்டுப் பார்த்தாள். உதடு துடித்தது. அடக்கினாள், முடியவில்லை. நாற்காலியில் பொத்தென்று விழுந்து, தலைத்துணியை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“மூணும் இடது கையா? ஏண்டி, மூணுமா?”

“சிரி. அண்ணியும் சிரிச்சாங்க.” ரமணிக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். எது முதலில் வந்தது என்று தெரியாமல் இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மார்க்கிரட் எழுந்து மீதித் துணியை எடுத்தாள். “குடு. பத்து நிமிஷம். நானே தைச்சுக் குடுத்துர்றேன்.”

“வேணாம்.”

“யாருக்குத் தெரியப் போவுது? நான் வாயத் தொறக்க மாட்டேன். மாதா மேல சத்தியம்.”

“எனக்குத் தெரியும்ல?” ரமணி துணியை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “ஒரே ஒண்ண முழுசா நான் தைக்கணும், மார்க்கிரட். இல்லாட்டி நான் மேல மாடிக்குப் போயி என்னாத்துக்கு? அங்கயும் பாதிதான்.”

“அப்ப எதுக்குடி வந்த?”

“ஒங் கையப் பாக்க.”

மார்க்கிரட்டின் முகம் மாறியது. பிறகு பீரோவிலிருந்து ஒரு பழைய படுக்கை விரிப்பை எடுத்து நீளவாக்கில் கிழித்தாள். “மொதல்ல இதுல பழகு. வெள்ளித் துணிய இப்பத் தொடாத.”

மெஷினின் மறுபக்கம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ரமணி உட்கார்ந்தாள். ஒன்பது வருடம் உட்கார்ந்த இடம், எதிரே. மார்க்கிரட் மெதுவாகத் தைத்துக் காட்டினாள். ரமணி காற்றில் அதே போலக் கையை அசைத்தாள். பிறகு இடம் மாறித் தைத்தாள். வந்தது இடது கை.

“எதிர்ல உக்காந்து பாத்தா எல்லாம் திரும்பிப் போகும்டி” என்றாள் மார்க்கிரட். “கண்ணாடி மாதிரி. கம்பெனியிலயும் அதான் பாத்துப் பாத்துக் கொழம்பியிருக்க. இந்தப் பக்கம் வா. எங்கூட உக்காரு.”

பெஞ்சு சின்னது. தோளும் தோளும் இடித்தன. மார்க்கிரட்டின் தலையில் தேங்காய் எண்ணெய் மணமும், கோயில் சாம்பிராணி மணமும் சேர்ந்து வீசின. இப்போது அவளுடைய கைகளும் ரமணியின் கைகளும் ஒரே திசையைப் பார்த்தன. துணியை உள்ளே தள்ளி, ஒரு சுழற்று, ஒரு இழுப்பு. ரமணிக்கு மெஷின் சத்தம் மறைந்தது. கப்பலில் கேப்டனுக்குப் பக்கத்தில் எப்போதும் காலியாகவே இருக்கும் இன்னோர் இருக்கை அவள் நினைவுக்கு வந்தது. அதில் யாராவது உட்கார்ந்தால் இப்படித்தான் இருக்கும் போல.

மூன்றாவது முறை, மார்க்கிரட் பிடிப்பது போலவே பட்டியைப் பிடித்து ரமணி தைத்தாள். வந்தது வலது கை.

மார்க்கிரட் அதை ரமணியின் வெள்ளி இடது கையோடு சேர்த்துப் பிடித்தாள். சிரிப்பு நின்றது. வலது கை அரை அங்குலம் குட்டை.

நான்கு வருடம் அந்த மேசைமேல் வந்து உட்கார்ந்தது. ஜெயராஜ்கூடப் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். ரமணி அட்டையை எடுத்துக் கொடுத்தாள். மார்க்கிரட் நாடாவை வைத்து அளந்தாள். அட்டையில் இருபத்து மூன்று அங்குலம். இடது கை இருபத்து மூன்றே கால். வலது கை இருபத்து இரண்டே முக்கால்.

“நீ பட்டிய மேலாப்புல பிடிக்கிற” என்றாள் மார்க்கிரட் மெல்ல.

“நீ ஆழமாப் பிடிக்கிற” என்றாள் ரமணி.

“அப்ப... ஒனக்குக் கால். எனக்குக் கால்.”

“ரெண்டு பேரும் சேந்து கம்பெனிக்கு அரை அங்குலம் பட்டை நாமம் போட்டிருக்கீங்க” என்றார் ஜெயராஜ். “அதுக்கு என் கல்யாணச் சாப்பாட்டுல ஒரு எல மிச்சம்!”

மார்க்கிரட் ரமணியின் கையைப் பிடித்தாள். மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு பேருமே சொல்லவில்லை. பிடித்த கையை விடவும் இல்லை.

மணி பதினொன்று. ஜெயராஜ் டிவியைப் போட்டார். பழக்கமான இசை கேட்டதும் ரமணி ஆவலோடு திரும்பினாள். திரும்பியவள் அப்படியே சிலையானாள்.

அது கலர் டிவி. காப்பாரில் அண்ணன் வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளை. நட்சத்திரங்களுக்கு நடுவே கேப்டன் மியோ நின்றாள். அவள் உடுப்பு வெள்ளி அல்ல. பழுத்த ஆரஞ்சுப் பழத்தின் நிறம்.

“இது... வேற சட்டையா? இன்னைக்கு மட்டும் மாத்திட்டாளா?”

“எப்பவும் ஆரஞ்சுதானம்மா” என்றார் ஜெயராஜ் ஒன்றும் புரியாமல்.

ரமணி மேசைமேல் கிடந்த வெள்ளி உடுப்பைப் பார்த்தாள். எத்தனை மாலை! எத்தனை தையல்! இனி வேறு துணி வாங்க நாளும் இல்லை. “பாத்தியா” என்றாள் உடைந்த குரலில். “நான் பாத்த ஆளே இல்ல அவ. ஒரு கார்ட்டூனக்கூட நான் முழுசாப் பாக்கல, மார்க்கிரட்.”

மார்க்கிரட் எழுந்துபோய் டிவியின் முன்னால் குனிந்தாள். நிறத்துக்கென்று இருந்த சின்னத் திருகைப் பிடித்து மெல்ல மெல்லத் திருப்பினாள். ஆரஞ்சு வெளுத்தது. மஞ்சளானது. மங்கியது. கடைசியில் எல்லா நிறமும் வடிந்துபோய், கரிய வானத்தின் நடுவே கேப்டன் மியோ நெற்றிமுதல் பாதம்வரை வெள்ளியாக மின்னினாள்.

“இந்தா, ஒங் கேப்டன். இவளும் அவதானே? ஊருல பாதிப் பேர் வீட்டுல இவதான் வர்றா.”

மியோ இடது கைப் பையிலிருந்து குச்சியை உருவினாள். கப்பல் அதிர்ந்தது. அந்த வெளிச்சம் மேசைமேல் கிடந்த துணியில் பட்டு அலையலையாக ஓடியது. ரமணி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தாள்.

“ஆழமாவும் பிடிக்காத, மேலாப்புலயும் பிடிக்காத” என்றாள் மார்க்கிரட். துணியை அவள் தொடவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரே தடவை. துளை விழுந்தால் விழுந்ததுதான். ரமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு தைத்து முடித்தபோது, திரையில் கார்ட்டூன் முடிந்து யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார், அவரும் வெள்ளியாக.

நாடா இருபத்து மூன்று காட்டியது.

இடது கையில் அதிகமாயிருந்த கால் அங்குலத்தைப் பிரிக்க முடியாது. அதைப் பட்டியின் ஓரத்தில் உள்ளே மடித்து, அடியில் ஒளித்துத் தைத்தாள். வெளியே தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு, தொழிற்சாலைத் திடலில் கூடாரம் போட்டிருந்தார்கள். ரமணி வெள்ளி உடுப்பில் வந்தபோது வெயில் அவள்மேல் விழுந்து எல்லாருடைய கண்ணையும் கூசச் செய்தது. சூப்பர்வைசர் கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

“கேப்டன் மியோ! கேப்டன் மியோ!”

“ஏய், மியோ ஆரஞ்சு லா! இது டூப்ளிகேட்!”

“எங்க வீட்டுல சில்வர்தான்!” என்று கூட்டத்தில் ஒரு சிறுமி கத்தினாள். ரமணி அவளைப் பார்த்து நெற்றியில் கைவைத்து ஒரு சல்யூட் அடித்தாள். மேடைக்கு ஏறும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அண்ணன், அண்ணி, லைன், கூடாரம் எல்லாம் கீழே கீழே போய்ச் சின்னதாயின.

மிஸ்ஸஸ் சோங் வயதான சீனப் பெண்மணி. கழுத்தில் எப்போதும் ஒரு நாடா தொங்கும். அவர் ரமணியின் முகத்தைப் பார்க்கவில்லை, உடுப்பைத்தான் பார்த்தார். ஜிப்பை இழுத்தார். காலைத் திருப்பினார். இடது கையைப் பார்த்து, இதில் என்ன இருக்கிறது என்பதுபோல விட்டுவிட்டார். வலது கையைப் பிடித்ததும் நிமிர்ந்தார்.

“சியாப்பா ஜாயிட்?” யார் தைத்தது என்று மலாயில் கேட்டார். “நீ இடது கைதானே? ஒன்பது வருடமாக உன்னை எனக்குத் தெரியும். வலது கையை உன் எதிரில் இருப்பவள் தைத்துக் கொடுத்தாளா?”

கீழே கூட்டத்தில் மார்க்கிரட் விறைத்து நின்றாள்.

“நான்தான் தைச்சேன், ஆன்டி” என்றாள் ரமணி, அவளும் மலாயில். “ரெண்டு கை பாழாக்கினேன். அப்புறம் மார்க்கிரட் பக்கத்துல உக்காந்து பழகினேன். மெஷின் குடுங்க, இப்பவே தைச்சுக் காட்டுறேன்.”

மிஸ்ஸஸ் சோங் மெஷின் கேட்கவில்லை. நாடாவை உருவி வலது கையை அளந்தார். இடது கையை அளந்தார். பிறகு இடது கைப் பட்டியை விரலால் தடவி, உள்ளே ஒளிந்திருந்த மடிப்பைக் கண்டுபிடித்தார். முதல் முறையாக அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

“தன் தப்பு எங்கே என்று தெரிந்த ஆள்தான் எனக்கு வேண்டும்” என்றார். “நாளைக்கு லைனுக்குப் போகாதே. மேலே வா.”

போட்டியில் முதல் பரிசு, தென்னை மரமாக வந்த இஸ்திரிப் பகுதி ஆளுக்குப் போனது. ரமணி அதைக் கவனிக்கவே இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். கேன்டீன் ஓரத்தில் மார்க்கிரட் இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் சோறு வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“கெடைச்சிருச்சு” என்றாள் ரமணி.

“மேடையிலதான் கேட்டுச்சே.” மார்க்கிரட் தட்டையே பார்த்தாள். நாளைக்கு எதிர் மெஷினில் யாரோ புதுப் பெண் உட்காருவாள். நான்கு வருடம் பேசாமல் இருந்தார்கள்; பேசத் தொடங்கிய பிறகு ஒரே லைனில் இருந்தது ஐந்து நாள்.

“மதியச் சாப்பாட்டு மணி மேலயும் கீழயும் ஒண்ணுதான்” என்றாள் ரமணி மெதுவாக. “நான் எறங்கி வருவேன். தெனமும்.”

எதிரே நாற்காலி காலியாக இருந்தது. ரமணி அதை விட்டுவிட்டு, சுற்றிவந்து, மார்க்கிரட்டின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். துணிக்கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. காற்றுப் புகாத அந்த உடுப்புக்குள் வேர்வை ஆறாக ஓடி, கழுத்து வழியே வழிந்துகொண்டிருந்தது. முகம் மட்டும் எங்கோ தொலைதூரத்தில் மிதந்துகொண்டிருப்பவளின் முகம்.

மார்க்கிரட் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரு பழைய பேப்பரை மடித்து அவளுக்கு விசிறத் தொடங்கினாள்.

“வானத்துல ரொம்பப் புழுக்கமோ, கேப்டன்?”